ஆற்றோடு விற்கப்பட்டவர்கள் - ஒரு ஆங்கில மரபுத்தொடரின் கதை

ஆங்கிலத் திரைப்படங்களிலும் செய்தித்தாள்களிலும் அடிக்கடி வரும் ஒரு சொற்றொடர், 'சோல்ட் டவுன் த ரிவர்'. தொழிற்சங்கத் தலைவர் நிர்வாகத்தோடு ரகசியமாகப் பேசி முடித்துவிட்டார் என்றால், தொழிலாளர்கள் "எங்களை ஆற்றோடு விற்றுவிட்டார்" என்பார்கள். கூட்டணிக் கட்சி கடைசி நேரத்தில் அணி மாறினாலும் இதே பேச்சுதான். கூட்டாளி ஒருவன் மற்றவனுக்குத் தெரியாமல் கம்பெனியை விற்றுவிட்டாலும் இதே பேச்சுதான்.

பொருள் எளிது. நம்பியவரை ஏமாற்றுவது, அதுவும் தன் லாபத்துக்காக ஏமாற்றுவது. அகராதியைப் பார்த்தால் 'துரோகம் செய்தல்' என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. துரோகத்துக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம்? விற்பது யார்? விற்கப்படுவது என்ன? அது எந்த ஆறு?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் அமெரிக்க வரலாற்றின் மிகக் கொடிய பக்கம் ஒன்று திறக்கிறது. இந்தத் தொடர் முதலில் உவமையே அல்ல. ஒவ்வொரு சொல்லும் அப்படியே உண்மையாக நடந்தது. விற்கப்பட்டது மனிதர்கள். ஆறு, மிசிசிப்பி.

ஆறு எங்கே போகிறது?

மிசிசிப்பி ஆறு அமெரிக்காவின் வடக்கே தோன்றி, நாட்டின் நடுவே தெற்கு நோக்கி ஓடி, நியூ ஆர்லியன்ஸ் நகரைத் தாண்டி மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிறது. கிழக்கிலிருந்து வரும் ஓஹையோ ஆறு வழியில் அதோடு சேர்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இந்த ஓஹையோ ஆறுதான் ஒரு எல்லைக்கோடு. வடகரையில் இருந்த ஓஹையோ, இண்டியானா மாநிலங்களில் அடிமை முறை இல்லை. தென்கரையில் இருந்த கென்டக்கியில் இருந்தது.

ஆக, கென்டக்கியில் இருந்த ஒரு அடிமைக்கு இரண்டு திசைகள் இருந்தன. ஆற்றைக் குறுக்கே கடந்தால் விடுதலைக்கு ஒரு வாய்ப்பு. ஆற்றோடு கீழே போனால் பருத்திக் காடும் கரும்புத் தோட்டமும். முதலாவது கனவு, இரண்டாவது பயம். ஆறு ஒன்றுதான்.

ஒரு இயந்திரமும் ஒரு சட்டமும்

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களில் புகையிலை விவசாயம் தளர்ந்துகொண்டிருந்தது. பல தலைமுறைகளாகப் புகையிலை போட்டதில் மண் சத்திழந்தது. பல பண்ணையார்கள் கோதுமைக்கு மாறினார்கள். கோதுமைக்கு அவ்வளவு ஆட்கள் தேவையில்லை.

அந்த நேரத்தில் 1793-இல் எலி விட்னி என்பவர் பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அமெரிக்காவின் உள்நாட்டில் விளையும் குட்டை இழைப் பருத்தியில் விதை பஞ்சோடு இறுக ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் பிரித்தால் ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு பிரிப்பதே பெரிய பாடு. இயந்திரம் வந்தபின் 50 பவுண்டு வரை முடிந்தது. பருத்தி திடீரென்று தங்கமாகிவிட்டது. இங்கிலாந்தின் ஆலைகள் வாங்கக் காத்திருந்தன. 1803-இல் பிரான்சிடமிருந்து லூசியானாப் பகுதியை அமெரிக்கா விலைக்கு வாங்கியது. மிசிசிப்பி, அலபாமா, லூசியானா என்று புதிய நிலங்கள் திறந்தன.

இயந்திரம் விதையைத்தான் பிரித்தது. செடியிலிருந்து பஞ்சைப் பறிக்க மனிதக் கைகள் வேண்டும். இயந்திரம் வந்தால் அடிமைகளின் தேவை குறையும் என்றுதானே தோன்றும்? நடந்தது நேர் எதிர்!

இதற்கு நடுவே 1808, ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது சட்டப்படி தடை செய்யப்பட்டது. இது நல்ல சட்டம்தான். ஆனால் உள்நாட்டுக்குள் வாங்கி விற்பதை அது தடுக்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் வழி அடைபட்டதும் தெற்கத்திப் பருத்திப் பண்ணையார்களின் பார்வை வடக்கே திரும்பியது. வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் கென்டக்கியிலும் வேலைக்கு அதிகமாக அடிமைகள் இருந்தார்கள். தெற்கே அவர்களுக்கு நல்ல விலை கிடைத்தது.

அங்கிருந்துதான் இந்தத் தொடர் பிறக்கிறது.

வியாபாரம் நடந்த விதம்

1808-க்கும் உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-க்கும் இடையில் ஏறத்தாழ 10 லட்சம் அடிமைகள் வடபகுதி அடிமை மாநிலங்களிலிருந்து தென்கோடி மாநிலங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். சிலர் தங்கள் எஜமானர்களோடு குடிபெயர்ந்து போனவர்கள். பெரும்பகுதியினர் வியாபாரிகள் கையில் விற்கப்பட்டுப் போனவர்கள்.

இந்த வியாபாரத்தில் பெரிய நிறுவனம் ஐசக் ஃபிராங்க்ளின், ஜான் ஆர்ம்ஃபீல்டு என்ற இருவருடையது. 1828-இல், இன்று வர்ஜீனியாவில் இருக்கும் அலெக்சாண்ட்ரியா நகரில் தொடங்கினார்கள். தலைநகர் வாஷிங்டன் அங்கிருந்து ஆற்றுக்கு அக்கரையில்தான் இருக்கிறது. ஆர்ம்ஃபீல்டு அலெக்சாண்ட்ரியாவில் இருந்து ஆட்களை வாங்குவார். ஃபிராங்க்ளின் நியூ ஆர்லியன்சிலும் நாச்சஸ் நகரிலும் இருந்து விற்பார். கடல் வழியாகச் சொந்தக் கப்பல்களில் அனுப்பினார்கள். தரை வழியாகவும் அனுப்பினார்கள். ஆண்களை இரண்டிரண்டு பேராகக் கைவிலங்கிட்டு, ஒரே நீளச் சங்கிலியில் பிணைத்து, சுமார் 1,600 கிலோமீட்டர் நடத்திக்கொண்டு போவார்கள். அவர்கள் இருந்த அந்தக் கட்டிடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

கென்டக்கி, மிசூரி பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஆறே சாலை. லூயிவில் போன்ற துறைகளிலிருந்து தட்டைப் படகுகளிலும், பிறகு நீராவிக் கப்பல்களிலும் ஏற்றினார்கள். மேல்தளத்தில் பயணிகள் விருந்து சாப்பிட, கீழ்த்தளத்தில் பருத்தி மூட்டைகளுக்கும் கால்நடைகளுக்கும் பக்கத்தில் சங்கிலியோடு மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

நியூ ஆர்லியன்ஸ் வந்ததும் குளிக்க வைப்பார்கள். தோல் மினுக்க எண்ணெய் தடவுவார்கள். நரைத்த முடியைப் பிடுங்குவார்கள், அல்லது கறுப்பு மை பூசுவார்கள். வயதைக் குறைத்துச் சொல்வார்கள். வாங்க வருபவர் பல்லைப் பார்ப்பார், முதுகைப் பார்ப்பார். முதுகில் சாட்டைத் தழும்பு அதிகம் இருந்தால் 'அடங்காதவன்' என்று விலை குறையும். மாட்டுச் சந்தையில் என்ன நடக்குமோ அதுதான்.

லூசியானாவின் கரும்புத் தோட்டங்கள் பருத்திக் காட்டைவிடக் கொடுமையானவை. கரும்பு வெட்டும் காலத்தில் ஆலைக் கொப்பரைகள் இரவு பகலாகக் கொதிக்கும். மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் வேறு. அங்கே போனவர் திரும்பி வருவது மிக அரிது. அதனால்தான் வடபகுதி எஜமானர்களுக்கு இது ஒரு வசதியான மிரட்டலாக இருந்தது. அடங்காத அடிமையிடம் "உன்னை ஆற்றோடு விற்றுவிடுவேன்" என்று சொன்னால் போதும், சாட்டையே தேவையில்லை.

பிரிவு

வேலையின் கடுமையைவிட அடிமைகள் அதிகம் பயந்தது ஒன்றுக்குத்தான். அது குடும்பம் பிரிவது. அடிமைகளின் திருமணத்துக்குச் சட்ட மதிப்பு கிடையாது. கணவனை ஒருவர் வாங்குவார், மனைவியை இன்னொருவர் வாங்குவார். வடபகுதி அடிமை மாநிலங்களில் அடிமைகளின் முதல் திருமணங்களில் மூன்றில் ஒன்று இப்படி விற்பனையால் உடைந்தது என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

விற்றவர்கள் எல்லோரும் கொடூரமான மனிதர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இன்று புகழ்பெற்ற ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1838-இல் கடனில் தத்தளித்தது. அதை நடத்திய இயேசு சபைப் பாதிரியார்கள் மேரிலாந்தில் தங்கள் பண்ணைகளில் இருந்த 272 அடிமைகளை 1,15,000 டாலருக்கு லூசியானா பண்ணையார்களிடம் விற்றார்கள். அவர்கள் கப்பலில் கடல் வழியாகப் போனார்கள். அப்போதும் அது 'ஆற்றோடு விற்பது' போன்றதுதான். பல்கலைக்கழகம் இதற்காக 2017-இல் மன்னிப்புக் கேட்டது. பட்டியலில் முதலில் இருந்த ஐசக் என்பவரின் பெயரை ஒரு கட்டிடத்துக்கு வைத்தது. 179 வருடங்கள் கழித்து!

வாக்கைக் காப்பாற்றியவர்

இந்தத் தொடரில் 'துரோகம்' என்ற பொருள் எப்படி வந்தது என்பதை ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். அவர் பெயர் ஜோசையா ஹென்சன்.

1789-இல் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். சிறு வயதிலேயே அண்ணன்களும் அக்காக்களும் ஏலத்தில் பிரிந்துபோனதைப் பார்த்தவர். வளர்ந்தபின் எஜமானர் ஐசக் ரைலியின் முழு நம்பிக்கைக்குரிய ஆளானார். பண்ணையை நடத்தியதே அவர்தான்.

1825-இல் ரைலி கடனில் மாட்டிக்கொண்டார். கடன்காரர்கள் வந்தால் அடிமைகளைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். அதனால் அவர்களைக் கென்டக்கியில் இருந்த தன் தம்பியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி ஹென்சனிடம் அழுது கேட்டார். ஹென்சன் வாக்குக் கொடுத்தார். தன் மனைவி, குழந்தைகளோடு இன்னும் 18 அடிமைகளை அழைத்துக்கொண்டு கிளம்பினார். கூடவே எந்த வெள்ளைக்காரரும் வரவில்லை. நடந்தும் வண்டியிலும் போய், பிறகு ஒரு படகு வாங்கி ஓஹையோ ஆற்றில் இறங்கினார்கள்.

சின்சினாட்டி நகரில் படகு நின்றது. அது ஓஹையோ மாநிலம். அங்கே அடிமை முறை இல்லை. கரையில் கூடிய சுதந்திரக் கறுப்பின மக்கள் "இங்கேயே இறங்கிவிடுங்கள், இனி நீங்கள் அடிமைகள் இல்லை" என்று கெஞ்சினார்கள். படகில் இருந்தவர்களின் மனம் ஆடிவிட்டது. ஹென்சனுக்கும் சபலம் இருந்தது. ஆனால் கொடுத்த வாக்கு? அவர் படகைக் கரையிலிருந்து தள்ளச் சொன்னார். 18 பேரும் அவர் சொல்லைக் கேட்டார்கள். கென்டக்கிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

சுமார் மூன்று வருடங்கள் கழித்து எஜமானர் ஒரு ஏஜெண்டை அனுப்பினார். ஹென்சனையும் அவர் குடும்பத்தையும் தவிர மற்றவர்களை விற்றுவிட உத்தரவு. விற்றார்கள். தாயும் பிள்ளையும் பிரியும்போது போட்ட சத்தம் ஹென்சன் காதில் விழுந்தது. சின்சினாட்டியில் தான் படகைத் தள்ளாமல் இருந்திருந்தால் இவர்கள் எல்லோரும் சுதந்திர மனிதர்கள் என்ற எண்ணம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

அதன்பின் அவர் தன் விடுதலையைக் காசு கொடுத்து வாங்க முயன்றார். 450 டாலர் என்று பேச்சு. பிரசங்கம் செய்து சேர்த்த பணத்தையும் தன் குதிரையை விற்ற பணத்தையும் சேர்த்து 350 டாலர் ரொக்கமாகக் கொடுத்தார். மீதி 100 டாலருக்குக் கடன் பத்திரம். அவருக்குப் படிக்கத் தெரியாது. திரும்பி வந்தபின்தான் மொத்த விலை 1,000 டாலர் என்று எஜமானர் மாற்றிச் சொல்லியிருப்பது தெரிந்தது.

1830-இல் கதை உச்சத்துக்கு வருகிறது. எஜமானரின் தம்பி, தன் மகனோடு ஹென்சனையும் ஒரு தட்டைப் படகில் நியூ ஆர்லியன்சுக்கு அனுப்பினார். சரக்கு விற்கத்தான் பயணம் என்று சொல்லப்பட்டது. சரக்குகளில் தானும் ஒன்று என்பது ஹென்சனுக்குப் புரிந்துவிட்டது. வழியில் விக்ஸ்பர்க் அருகே படகு நின்றபோது பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போய்த் தன் பழைய தோழர்கள் சிலரைப் பார்த்தார். சின்சினாட்டியில் அவர் பேச்சைக் கேட்டுப் படகில் உட்கார்ந்திருந்த அதே மனிதர்கள். சதுப்பு நிலத்தில் வேலை செய்து, காய்ச்சலில் உடல் வற்றி, சாவுக்காகக் காத்திருந்தார்கள்.

அதன்பின் ஒரு இரவு, தூங்கிக்கொண்டிருந்த எஜமானர் மகனையும் மற்றவர்களையும் கொன்றுவிட்டுத் தப்பலாம் என்று கோடாரியை எடுத்தார். கையை ஓங்கியும்விட்டார். 'நான் கிறிஸ்தவன், கொலை செய்யலாமா?' என்ற நினைப்பு வந்து கையை இறக்கினார்.

நியூ ஆர்லியன்சில் அவரை விற்பதற்கு முன் அந்த இளைஞனுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. முந்தைய நாள் விற்க இருந்தவன், மறுநாள் "என்னை விட்டுப் போய்விடாதே, வீட்டில் சேர்த்துவிடு" என்று அதே ஹென்சனிடம் கெஞ்சினான். ஹென்சன் அவனை நீராவிக் கப்பலில் ஏற்றி, இரவு பகலாகப் பணிவிடை செய்து, உயிரோடு வீட்டில் சேர்த்தார். அந்தக் குடும்பம் நன்றி சொன்னது. ஆனால் அவரை விற்கும் எண்ணத்தை மட்டும் விடவில்லை!

அதற்குமேல் ஹென்சன் எந்த வாக்கையும் நினைக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும் கிளம்பினார். சின்னக் குழந்தைகள் இருவரையும் ஒரு பையில் போட்டு முதுகில் சுமந்துகொண்டார். நிலா இல்லாத இரவில் ஒரு சிறு படகில் ஓஹையோ ஆற்றைக் கடந்தார். இந்த முறை ஆற்றோடு அல்ல, ஆற்றுக்குக் குறுக்கே. 1830, அக்டோபர் 28 அன்று கனடா மண்ணில் கால் வைத்தார். பிறகு அங்கே தப்பி வந்தவர்களுக்காக ஒரு குடியிருப்பையே உருவாக்கினார். 1849-இல் அவருடைய வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' (1852) நாவலுக்கு அதுவும் ஒரு ஆதாரம்.

மார்க் ட்வெய்ன் கையில்

அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. ஆற்றோடு விற்பதும் நின்றது. ஆனால் தொடர் சாகவில்லை.

மிசிசிப்பிக் கரையில் வளர்ந்த மார்க் ட்வெய்ன் இதைத் தன் நாவல்களில் பயன்படுத்தினார். 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் ஜிம் ஓடிப்போவதற்குக் காரணமே, தன்னை 800 டாலருக்குத் தெற்கே விற்கப்போகிறார்கள் என்று ஒட்டுக்கேட்டதுதான். 1894-இல் வந்த 'புட்டின்ஹெட் வில்சன்' நாவலிலோ இந்தத் தொடர்தான் கதையின் அச்சு. ராக்சி என்ற அடிமைத் தாய், தன் மகன் ஆற்றோடு விற்கப்படுவானோ என்று பயந்து, தொட்டிலில் எஜமானரின் குழந்தையோடு அவனை மாற்றிவிடுகிறாள். அவன் பணக்கார வீட்டுப் பிள்ளையாக வளர்ந்து சூதாடிக் கடனாளியாகிறான். மகனைக் காப்பாற்ற, விடுதலையாகியிருந்த அந்தத் தாய் "என்னையே விற்றுக் கடனை அடை" என்கிறாள். ஆற்றுக்கு மேலே நல்ல இடத்தில் விற்பதாகச் சொன்ன மகன், அவளைக் கீழே பருத்திக் காட்டுக்கு விற்றுவிடுகிறான். கப்பலில் இருந்து நீரோட்டத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அது புரிகிறது.

'விற்பது' என்ற பொருளும் 'நம்பியவரை ஏமாற்றுவது' என்ற பொருளும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. 20-ஆம் நூற்றாண்டில் விற்பனை மறந்துபோய், துரோகம் மட்டும் மிஞ்சியது.

எப்படிப் பயன்படுத்துவது?

இந்தத் தொடர் வெறும் ஏமாற்றத்துக்குப் பொருந்தாது. கடைக்காரர் எடை குறைத்தால் 'ஆற்றோடு விற்றார்' என்று சொல்ல முடியாது. மூன்று விஷயங்கள் வேண்டும். ஒருவர் நம்பியிருக்க வேண்டும், மற்றவர் கையில் அதிகாரம் அல்லது பொறுப்பு இருக்க வேண்டும், அவருக்கு அதில் லாபம் இருக்க வேண்டும்.

இன்னொரு தொடரோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. 'சென்ட் அப் த ரிவர்' என்றால் சிறைக்கு அனுப்புவது. நியூயார்க் நகரத்திலிருந்து ஹட்சன் ஆற்றில் மேலே போனால் வருவது புகழ்பெற்ற சிங் சிங் சிறைச்சாலை. அதிலிருந்து வந்தது அது. ஆறும் வேறு, கதையும் வேறு.

தமிழில் இதற்கு நெருங்கிய தொடர் 'நட்டாற்றில் விடுவது'. அதிலும் ஆறு இருக்கிறது, கைவிடுதல் இருக்கிறது. ஆனால் விலை இல்லை. 'விலை போய்விட்டான்' என்று சொன்னால் அதில் விலை இருக்கிறது. ஆனால் விலை போவது துரோகி. ஆங்கிலத் தொடரில் விலை போவது துரோகத்துக்கு ஆளானவர். தமிழில் துரோகி தன்னை விற்கிறான், ஆங்கிலத்தில் அடுத்தவனை விற்கிறான்.

மூலக்கதை தெரிந்தவர்களில் சிலர் இன்று சாதாரண விஷயங்களுக்கு இந்தத் தொடரைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கிறார்கள்.

தேடல்

கடைசியாக ஒன்று. விடுதலை கிடைத்ததும் பிரிந்துபோனவர்கள் என்ன செய்தார்கள்? தேடினார்கள். 1877-இல் நியூ ஆர்லியன்சிலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவப் பத்திரிகை 'தொலைந்த நண்பர்கள்' என்ற பகுதியைத் தொடங்கியது. 50 சென்ட் கட்டினால் விளம்பரம் வரும். பாதிரியார்கள் அதைக் கோயிலில் உரக்கப் படிப்பார்கள். அம்மாவின் பெயர், விற்ற எஜமானர் பெயர், வாங்கிய வியாபாரி பெயர், கடைசியாகப் பார்த்த ஊர் என்று எழுதினார்கள். முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன் பிரிந்தவர்களைத் தேடினார்கள். அப்படிப்பட்ட விளம்பரங்கள் சுமார் 2,500 இன்று தொகுக்கப்பட்டிருக்கின்றன. தேடியவர்களில் சிலருக்குத்தான் பதில் கிடைத்தது.

அகராதியில் ஒரு வரியில் முடிந்துவிடும் தொடர்தான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் 10 லட்சம் பேர் இருக்கிறார்கள்.